மின்காந்தமும் வரிச்சுருளும்

கேள்வி: கம்பிச் சுருளில் மின்சாரம் பாய்ந்தால் காந்தப்புலம் உண்டாகும் என்பதுதான் மின்காந்தம், வரிச்சுருள் இரண்டுக்கும் அடிப்படை. அப்படியானால் இவற்றிடையே என்ன வேறுபாடு?

பதில்: வரிச்சுருள் என்பது ஒரு வடிவம், மின்காந்தம் என்பது ஒரு பயன்பாடு. காப்பிடப்பட்ட கம்பியை, விட்டத்தைவிட நீளம் கூடுதலாக இருக்கும்படி நெருக்கமாகச் சுற்றினால் கிடைப்பது வரிச்சுருள் (ஆங்கிலத்தில் சோலினாய்டு). மீட்டருக்கு 1000 சுற்றுகள் கொண்ட நீண்ட வரிச்சுருளில் 1 ஆம்பியர் மின்னோட்டம் செலுத்தினால், உள்ளே ஏறத்தாழ 1.26 மில்லிடெஸ்லா அளவுள்ள சீரான புலம் உருவாகும். வெளியே அது மிகவும் வலுவிழந்திருக்கும்.

அதனுள் தேனிரும்பு உள்ளகத்தை வைத்தால் புலம் பன்மடங்கு பெருகி, வலிமையான மின்காந்தம் கிடைக்கிறது. ஆங்கிலேய அறிவியலாளர் வில்லியம் ஸ்டர்ஜன் 1825-இல், சுமார் 200 கிராம் எடையுள்ள லாட வடிவ இரும்பில் கம்பியைச் சுற்றி, 4 கிலோ எடையைத் தூக்கிக் காட்டினார். லாட வடிவம் வரிச்சுருள் அன்று என்பதைக் கவனியுங்கள். மின்காந்தம் எவ்வடிவிலும் அமையலாம்.

தொழில்துறையில் சோலினாய்டு எனப்படுவது, உள்ளகம் நகரக்கூடிய கருவியாகும். சலவை இயந்திரத்தின் நீர் வால்வில், மின்சாரம் பாய்ந்ததும் இரும்புத் தண்டு சுருளுக்குள் இழுக்கப்பட்டு வழி திறக்கிறது. மின்னோட்டத்தின் திசையை மாற்றினால் தண்டு வெளியே தள்ளப்படும் என்று பலர் எண்ணுவதுண்டு. ஆனால் புலம் திரும்பும்போது தேனிரும்பின் காந்தத்தன்மையும் உடன் திரும்பிவிடுவதால், அது எப்போதும் உள்ளேதான் இழுக்கப்படும். ஆகவேதான் தண்டைப் பழைய நிலைக்குக் கொண்டுவர அங்கே ஒரு சுருள்வில் பொருத்தப்படுகிறது.