விராலில் சிவப்புப் புண்: கழிவுநீரா, நோயா?

நண்பரே, மழை விட்டதிலிருந்து உங்கள் ஏரியில் விராலும் கெளுத்தியும் உடம்பில் சிவந்த புண்ணோடு வலையில் ஏறுவதாகவும், கழிவுநீர் கலந்திருக்குமோ என்றும் கேட்டிருந்தீர்கள். எனக்குப் புண் நோய் என்றே தோன்றுகிறது. அஃபனோமைசிஸ் என்ற பூஞ்சை போன்ற உயிரி தசைவரை அரித்துவிடும். 1988-இல் இந்தியாவுக்குள் வந்தது. பருவமழைக்குப் பின் தண்ணீர் குளிரும்போது தலைகாட்டும், விராலைத்தான் அதிகம் தாக்கும்.

நச்சுக் கழிவு என்றால் பெரும்பாலும் பல வகை மீன்களும் ஒரே சமயத்தில் செத்து மிதக்கும், புண் இருக்காது. விடியற்காலையில் மட்டும் வாய் பிளந்து மேலே வந்தால் ஆக்சிஜன் குறைவு.

இருந்தாலும் சந்தேகத்தை விடாதீர்கள். புண் உள்ள மீனை உயிரோடு மீன்வளத் துறை அலுவலகத்துக்குக் கொண்டுபோங்கள், அழுகியதில் எதுவும் தெரியாது. வாய்க்கால் கலக்கும் இடத்துத் தண்ணீரைச் சுத்தமான பாட்டிலில் பிடித்து, அன்றைக்கே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் கொடுங்கள்.

இந்த உயிரி மனிதரைத் தாக்காது. ஆனால் புண்ணில் பாக்டீரியாவும் சேர்ந்திருக்கும், அந்த மீனைக் குழந்தைகளுக்குக் கொடுக்கவே வேண்டாம். செத்ததைத் திரும்ப ஏரியில் வீசாமல் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். அப்புறம், வலையை நன்றாக வெயிலில் காயவைக்காமல் வேறு குளத்தில் போடாதீர்கள்.