குழலில் '22' என்று பொறித்திருக்கிறதா? புகாரை நிறுத்துங்கள்

கேள்வி: தாத்தா வாங்கிய ஜெர்மன் ஸ்பிரிங் ஏர்கன் வலு குறைந்துவிட்டது. கிருஷ்ணகிரியில் ஒரு லேத் பட்டறையில் பழுது பார்க்கக் கொடுத்தேன். 4,500 ரூபாய் வாங்கிக்கொண்டு பத்து மாதம் இழுத்தடித்தார். பழைய தோல் வாஷரை வீசிவிட்டு, வலுவான ஸ்பிரிங் ஒன்றைப் போட்டிருக்கிறார், மரக்கட்டையும் பிளந்துவிட்டது. கேட்டால் அவமானப்படுத்துகிறார். குழலில் '22' என்று மட்டும் தெரிகிறது. காவல் நிலையத்தில் புகார் கொடுப்பதா, நுகர்வோர் ஆணையத்திற்குப் போவதா?

- பென்னாகரம் வாசகர்

பதில்: இரண்டுமே வேண்டாம். தாத்தாவின் நினைவு, பட்டறைக்காரரின் பேச்சு, பிளந்த கட்டை எல்லாவற்றையும் ஒதுக்கி வையுங்கள். போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த '22'தான் உங்கள் வழக்கு.

அது குழல் துளையின் அளவு: 0.22 அங்குலம், அதாவது சுமார் 5.5 மில்லிமீட்டர். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, குழல் துளை 4.5 மில்லிமீட்டரைத் தாண்டினாலோ, குண்டின் ஆற்றல் 20 ஜூல் என்ற அளவைத் தாண்டினாலோ ஏர்கன்னுக்கும் உரிமம் வேண்டும். துளை அளவிலேயே நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள்.

'வெடிமருந்தே இல்லையே' என்று என்னிடம் வருகிற எல்லோரும் சொல்கிறார்கள். ஆயுதச் சட்டம் வெடிமருந்தோடு பிற வகை ஆற்றலையும் சேர்த்தே சொல்கிறது. 'பழையது, சுடாது' என்பதும் எடுபடாது. பழுது பார்த்தாலும் சுட முடியாத ஆயுதத்துக்கு மட்டுமே 45ஆம் பிரிவு விலக்குத் தருகிறது. உங்களுடையது சுடும் என்பதற்கு உங்கள் புகாரே சாட்சியாகிவிடும்.

நான் பயப்படுவது இதற்குத்தான். புகார்தாரராக உள்ளே போனவர் குற்றம் சாட்டப்பட்டவராக வெளியே வருவார். உரிமமில்லாமல் வைத்திருந்ததற்குக் குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. உரிமமில்லாமல் பழுது பார்ப்பது 5ஆம் பிரிவில் வருகிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்குக் குறைந்தபட்சமே 7 ஆண்டு. பட்டறைக்காரர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முதலில் உங்களைத்தான் காட்டுவார். காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே ஒரு மயில் குண்டடிபட்டுக் கிடந்தால், வனத்துறை உங்களைத் தேடி வர இந்த ஏர்கன் ஒன்றே போதும்.

'போலீஸில் சொல்லிவிடுவேன், பணத்தைக் கொடு' என்று பட்டறைக்காரரை மிரட்டாதீர்கள். மிரட்டிப் பணம் பறித்ததாக இன்னொரு வழக்கு வரும். குழலிலுள்ள '22' என்ற எண்ணை அரத்தால் தேய்க்க நினைக்காதீர்கள். அடையாளக் குறியை அழிப்பது தனிக் குற்றம். ஏர்கன்னைப் பஸ் பார்சலில் அனுப்பச் சொல்லவே கூடாது.

4,500 ரூபாயை விட்டுவிடுங்கள். கோபம் நியாயமானதுதான், ஆனால் அந்தத் தொகை ஒரு ஜாமீன் மனுவின் செலவுக்குக்கூடக் காணாது. நீங்களாக எதையும் கையில் எடுக்காமல், தர்மபுரியில் குற்ற வழக்கு நடத்தும் வழக்கறிஞர் ஒருவரை இந்த வாரமே பாருங்கள். ஏர்கன்னை முறைப்படி காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படைக்கும் கடிதத்தை அவர் எழுதட்டும். பட்டறைக்காரரும் சம்மதித்துக் கையெழுத்திட்டால் இருவருக்கும் நல்லது. ஆட்சியரிடம் உரிமம் கேட்பது அதற்குப் பிறகுதான்.