நிலவறையில் ஊறும் தண்ணீருக்குச் சம்ப் பம்ப்: கேள்வி பதில்

சம்ப் என்றதும் பலருக்குக் குடிநீர் சேர்த்து வைக்கும் தொட்டிதான் நினைவுக்கு வரும். இங்கே பேசுவது வேறு. நிலவறைத் தரைக்கு அடியில் ஊறிவரும் நீரைத் திரட்டும் சிறு குழி, அதை வெளியே தள்ளும் பம்ப், இரண்டையும் பற்றித்தான் இந்தப் பதில்கள். வந்த கேள்விகளில் நிறையப் பேர் எத்தனை ஹெச்.பி. என்றுதான் கேட்டிருக்கிறார்கள், அங்கிருந்தே தொடங்கலாம்.

கேள்வி: சார், அரை ஹெச்.பி. போதுமா, ஒரு ஹெச்.பி. வாங்கிவிடலாமா? பெரிதாக வாங்கினால் கவலை இருக்காது அல்லவா? குழி 45 செ.மீ. விட்டம்.

ஹெச்.பி.யைக் கடைசியில் பாருங்கள். முதலில் ஊற்றை அளக்க வேண்டும். மழை வலுத்துப் பெய்யும்போது குழியை இறைத்துக் காலியாக்கி, பம்பை நிறுத்திவிட்டு, உள்ளே ஒரு அளவுகோலை நிறுத்தி நீர்மட்டம் எவ்வளவு நேரத்தில் எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள். 45 செ.மீ. விட்டக் குழியில் மட்டம் 1 செ.மீ. ஏறினால் சுமார் 1.6 லிட்டர். 60 செ.மீ. விட்டமானால் 2.8 லிட்டர். இரண்டு நிமிடத்தில் 25 செ.மீ. ஏறுகிறது என்றால் 40 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு 20 லிட்டர்.

ஒரு கவனம்: ஊறும் நீரைக் கொண்டுவரும் வடிகால் குழாய் குழிக்குள் நுழையும் வாய்க்குக் கீழேயே அளந்து முடித்துவிடுங்கள். மட்டம் அந்த வாயைத் தாண்டினால் தண்ணீர் குழாய்க்குள்ளும் ஜல்லிக்குள்ளும் பின்னோக்கிப் பரவும். மட்டம் மெதுவாக ஏறுவதுபோல் தெரியும், ஊற்றைக் குறைத்துக் கணக்கிட்டுவிடுவீர்கள்.

20 லிட்டர் வருகிறதென்றால் இரு மடங்காவது, 40 லிட்டர், வெளியேற்றும் பம்ப் வேண்டும். நீரை ஏற்ற வேண்டிய உயரத்தில் 60 முதல் 80 லிட்டர் கொடுக்கும் பம்ப் தாராளம். வீட்டு நிலவறைக்குப் பெரும்பாலும் கால் ஹெச்.பி.யிலிருந்து அரை ஹெச்.பி.க்குள் இது அடங்கிவிடும்.

பெரிதாக வாங்கினால் என்ன ஆகும்? உங்கள் குழியில், நீர்மட்டத்தோடு ஏறி இறங்கிப் பம்பை ஓட்டி நிறுத்தும் மிதவையின் ஆன் மட்டத்துக்கும் ஆஃப் மட்டத்துக்கும் 15 செ.மீ. இடைவெளி என்று வையுங்கள். 24 லிட்டர்தான் நிற்கும். நிமிடத்துக்கு 150 லிட்டர் இழுக்கும் பம்ப் அதைப் 11 விநாடியில் முடித்துவிட்டு நிற்கும். ஏறக்குறைய ஒன்றேகால் நிமிடத்தில் மறுபடி ஸ்டார்ட். ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் மோட்டார் ஓட்டக் கரண்டைப் போலப் பல மடங்கு இழுக்கும். அந்தச் சூடு ஆறுவதற்குள் அடுத்த ஸ்டார்ட் வந்தால் மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச்சுற்று, அதாவது வைண்டிங், கருகும்.

80 லிட்டர் பம்புக்கு மாறினாலும் மணிக்கு 37 ஸ்டார்ட் இருக்கும். உண்மையான தீர்வு குழியில் இருக்கிறது. அதே பம்பை 60 செ.மீ. விட்டக் குழியில் 25 செ.மீ. இடைவெளியோடு வைத்தால் 70 லிட்டர் நிற்கும், ஸ்டார்ட் மணிக்குப் 13 ஆகக் குறையும், ஒவ்வொரு தடவையும் ஒரு நிமிடத்துக்கு மேல் ஓடும். கூடுதல் ஹெச்.பி.க்குக் கொடுக்கும் பணத்தைக் குழியைப் பெரிதாக்கப் போடுங்கள்.

கேள்வி: பெட்டியில் நிமிடத்துக்கு 200 லிட்டர், ஹெட் 7 மீட்டர் என்று போட்டிருக்கிறது. 7 மீட்டர் உயரத்தில் 200 லிட்டர் கிடைக்குமா?

கிடைக்காது. 200 லிட்டர் என்பது உயரமே இல்லாதபோது வருவது. 7 மீட்டர் என்பது ஒரு சொட்டும் வெளியேறாமல் தண்ணீர் குழாயில் அப்படியே நிற்கும் உயரம். பெட்டிக்குள் இருக்கும் தாளில் உயரத்துக்கு எவ்வளவு லிட்டர் என்ற வளைகோடோ அட்டவணையோ இருக்கும், அதைத்தான் பார்க்க வேண்டும். அது தராத பம்பை வாங்காதீர்கள்.

நீரை ஏற்ற வேண்டிய உயரத்தைக் கணக்கிட, குழியில் பம்ப் ஓடி நிற்கும் நீர்மட்டத்திலிருந்து குழாயின் மிக உயர்ந்த இடம் வரை அளங்கள். அதோடு உராய்வைச் சேருங்கள். 40 மி.மீ. உள்விட்டக் குழாயில் ஒவ்வொரு எல்போவும் ஏறக்குறைய 1.2 மீட்டர் நீளக் குழாய்க்குச் சமம். நிமிடத்துக்கு 100 லிட்டர் போகும்போது 10 மீட்டர் குழாயும் மூன்று எல்போவும் சேர்ந்து 0.6 மீட்டர் ஹெட்டைத் தின்னும். கையில் இருக்கிறதே என்று 32 மி.மீ. குழாயைப் போட்டால் உராய்வு மூன்று மடங்கு. பம்பின் வாய் என்ன அளவோ அதைவிடக் குழாயைச் சுருக்கவே கூடாது.

கேள்வி: தண்ணீருக்குள் மூழ்கும் பம்பா, மேலே மோட்டார் நிற்கும் பம்பா? இரும்பா, பிளாஸ்டிக்கா?

குழிக்கு மூடி போட இடம் இருந்தால் மூழ்கும் பம்ப். சத்தம் குறைவு, சுற்றியிருக்கும் நீரே மோட்டாரைக் குளிர்விக்கும். வார்ப்பிரும்பு உடல் சூட்டை வேகமாகக் கடத்துவதால் மழைக்காலம் முழுக்க ஓட வேண்டிய இடத்தில் அதுவே நல்லது. மேலே மோட்டார் நிற்கும் வகை குறுகலான குழிக்கும், எப்போதாவது மட்டும் ஓடுகிற வீட்டுக்கும் பொருந்தும். ரிப்பேர் சுலபம், சத்தம் அதிகம்.

கேள்வி: அண்ணா, பம்ப் புதுசு. ஆனால் நேற்று ராத்திரி ஓடவே இல்லை, தரையெல்லாம் தண்ணீர். இன்று மிதவையைக் கையால் தூக்கினால் ஓடுகிறது.

அப்படியானால் மோட்டாரில் குறை இல்லை, மிதவை எங்கோ சிக்கியிருக்கிறது. சம்ப் பம்புகள் கைவிடுவதில் முதல் காரணமே இதுதான். உங்களுடையது ஒயரில் கட்டித் தொங்கும் மிதவையா என்று பாருங்கள். அது மேலும் கீழும் வளைந்து ஆட இடம் வேண்டும். பம்ப் ஓடும் அதிர்வில் குழிக்குள் மெல்ல மெல்லத் திரும்பும், ஒரு நாள் மிதவை சுவரோடு ஒட்டும், அல்லது ஒயர் டெலிவரி பைப்பைச் சுற்றிக்கொள்ளும். ஆஃப் நிலையில் சிக்கினால் வெள்ளம். ஆன் நிலையில் சிக்கினால் பம்ப் வறண்டு ஓடிச் சீல் போய்விடும்.

45 செ.மீ. குழிக்குச் செங்குத்துக் கம்பியில் ஏறி இறங்கும் மிதவைதான் சரி. மாற்றிய பின் பம்பைச் சுற்றிலும் கையை விட்டுப் பாருங்கள், மிதவை எந்தப் பக்கமும் எதையும் தொடக் கூடாது. ஒயரை டெலிவரி பைப்போடு கட்டுங்கள், தொங்கவிடாதீர்கள். மிதவையின் பிளக்கில் பம்பின் பிளக்கைச் செருகும் மாடலானால் இன்னொரு வசதி: சுவிட்ச் கெட்டால் பம்பை நேராகப் பாயின்ட்டில் செருகி ஓட்டலாம், அரை மணி நேரத்தில் புது சுவிட்ச் மாற்றலாம்.

கேள்வி: குழி புதிதாகத் தோண்டப் போகிறோம். ஆழம் எவ்வளவு, அடியில் என்ன போடுவது?

60 முதல் 75 செ.மீ. ஆழம், விட்டம் 60 செ.மீ. இடம் நிலவறையின் தாழ்ந்த மூலை. அஸ்திவாரத்தின் அடிமட்டத்தைவிட ஆழமாகப் போவதானால், எவ்வளவு கூடுதல் ஆழமோ அதைவிட அதிக தூரம் சுவரைவிட்டுத் தள்ளித் தோண்டுங்கள். இல்லையென்றால் அஸ்திவாரத்தின் அடி மண் சரியும்.

பக்கங்களில் ஓட்டையுள்ள பிளாஸ்டிக் தொட்டியை இறக்கி, வெளிப்பக்கம் முழுக்க, மண்ணைத் தடுத்து நீரை மட்டும் விடும் வடிதுணி சுற்றி, கீழேயும் சுற்றிலும் 20 மி.மீ. ஜல்லி போடுங்கள். கான்கிரீட் போடும்போது தொட்டிக்குள் செங்கல் பாரம் வைக்க மறக்காதீர்கள், ஊறும் நீர் காலித் தொட்டியை மேலே தூக்கிவிடும். பம்பை ஜல்லிமேல் நேராக வைக்கக் கூடாது, நீரைத் தள்ளும் சுழல்சக்கரமான இம்பெல்லருக்குள் சிறுகல் போகும். ஒரு சமமான கல் பலகையை மட்டம் பார்த்து வைத்து அதன்மேல் நிறுத்துங்கள்.

வெளியேறும் நீர் நாள் கணக்கில் மணலோடு கலங்கியே வந்தால் சும்மா விடாதீர்கள். தரைக்கு அடியில் மண் கரைந்து வெற்றிடம் உண்டாகிறது என்று பொருள். வடிதுணி இல்லை, அல்லது கிழிந்திருக்கிறது.

கேள்வி: பைப் வேலை நானே செய்கிறேன். வரிசை சொல்லுங்கள்.

பம்பின் வாயில் திருகு அடாப்டர், டெஃப்லான் டேப் சுற்றி. அதிலிருந்து நேர் பைப். பம்ப் வாய்க்கு 30 செ.மீ. மேலே, கை எட்டும் இடத்தில் என்.ஆர்.வி. (ஏறிய நீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு), அம்புக்குறி மேல்நோக்கி. வால்வை சால்வென்ட் போட்டு ஒட்டாமல் இரு பக்கமும் கழற்றி மாட்டும் யூனியன் அல்லது கிளிப்புள்ள ரப்பர் கப்ளிங் கொடுங்கள். அப்போதுதான் பம்பை வெளியே எடுக்க பைப்பை அறுக்க வேண்டியிருக்காது. அதற்கு மேலே ஒரு பால் வால்வு. பிறகு சுவர் வழியாக வெளியே, 45 டிகிரி பென்ட் இரண்டு போட முடிந்தால் 90 டிகிரி எல்போவைத் தவிருங்கள்.

இப்போது பலர் விட்டுவிடும் ஒரு சின்ன வேலை. பம்புக்கும் என்.ஆர்.வி.க்கும் நடுவில், பைப்பில் 3 மி.மீ. துளை ஒன்று போட வேண்டும். குழி வறண்டு மறுபடி நிரம்பும்போது வால்வுக்குக் கீழே காற்று அடைபடும். மேலே தண்ணீர்த் தூண் வால்வை அமுக்கிக்கொண்டிருக்க, இம்பெல்லர் காற்றில் சுழலும், பம்ப் உறுமும், ஒரு சொட்டும் ஏறாது. அந்தத் துளை வழியாகக் காற்று வெளியேறிவிட்டால் நீர் இம்பெல்லரைப் பிடித்துக்கொள்ளும். டிரில்லை வெளியிலிருந்து மேல்நோக்கிச் சாய்த்துப் போடுங்கள், பீச்சும் நீர் குழிக்குள்ளேயே கீழ்நோக்கி விழும். பம்ப் ஓடும்போது அந்த இடத்தில் மெல்லிய தாரை தெரிய வேண்டும், தெரியாவிட்டால் அடைத்திருக்கிறது. சில பம்புகளில் உடலிலேயே இந்தத் துளை இருக்கும், கையேட்டில் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

கேள்வி: நிற்கும்போதெல்லாம் "டம்" என்று சுவரே அதிர்கிறது.

தகடு விழுந்து மூடும் என்.ஆர்.வி. அது. ஸ்பிரிங் வைத்த வகைக்கு மாற்றுங்கள், நீர் திரும்பத் தொடங்கும் முன்பே மூடிக்கொள்ளும். பைப்பைச் சுவரோடு ரப்பர் வைத்த கிளாம்பால் பிடியுங்கள். வால்வையே எடுத்துவிட்டால் சத்தம் போகும், ஆனால் 3 மீட்டர் பைப்பில் நிற்கும் கிட்டத்தட்ட 4 லிட்டர் ஒவ்வொரு முறையும் குழிக்குத் திரும்பும்.

கேள்வி: மழை இல்லாத நாளிலும் பம்ப் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடுகிறது. ஏன்?

மூன்று சந்தேகம், இந்த வரிசையில் பாருங்கள். வெளியேற்றும் நீர் சுவரோரமே விழுந்து சுற்றித் திரும்பி வருகிறதா? வெளிவாய் அஸ்திவாரத்திலிருந்து 3 மீட்டராவது தள்ளி, நிலம் வீட்டைவிட்டுச் சரியும் பக்கம் இருக்க வேண்டும். கழிவுநீர்ச் சாக்கடையில் இணைப்பது பல இடங்களில் சட்டப்படி தடை, பெருமழையில் அங்கிருந்து எதிர்த்து வரவும் செய்யும். அடுத்து, தண்ணீர் மீட்டரைப் பாருங்கள். எல்லாக் குழாயும் மூடியிருக்க மீட்டர் சுற்றினால் மண்ணுக்குள் உங்கள் சொந்தக் குழாய்தான் ஒழுகுகிறது.

இரண்டும் இல்லையென்றால் நிலத்தடி நீர்மட்டமே உங்கள் ஆஃப் மட்டத்துக்கு மேலே நிற்கிறது. அப்போது பூமியையே இறைக்கப் பார்க்கிறீர்கள், முடியாது. மிதவையை 10 செ.மீ. உயர்த்திப் பாருங்கள். ஆன் மட்டம் தரையின் அடிப்பக்கத்துக்கும் வடிகால் குழாய் வாய்க்கும் கீழே இருந்தால் போதும். பல வீடுகளில் இந்த ஒரு திருத்தத்திலேயே பம்ப் அமைதியாகிவிடும்.

கேள்வி: புயல் அடித்தால் முதலில் கரண்ட் போகும். இன்வெர்ட்டரில் ஓட்டலாமா?

ஓட்டலாம், ஆனால் கணக்கைப் பாருங்கள். 12 வோல்ட் 100 ஆம்பியர்-அவர் லெட் ஆசிட் பேட்டரியில் பாதியைத்தான் தயங்காமல் எடுக்கலாம், 50. 400 வாட் பம்ப் இன்வெர்ட்டர் வழியாக 39 ஆம்பியர் இழுக்கும். நிமிடத்துக்கு 20 லிட்டர் ஊற, 80 லிட்டர் பம்ப் கால் பங்கு நேரம் ஓடினால் சுமார் ஐந்து மணி நேரம்தான் தாங்கும். ஸ்டார்ட் ஆகும்போது 1,200 வாட்டுக்கு மேலும் கேட்கும் என்பதால் சிறிய இன்வெர்ட்டர் டிரிப் ஆகிவிடும். அலை சீரான சைன் வேவ் வகையே வேண்டும்.

நேராக 12 வோல்ட்டில் ஓடும் டி.சி. பம்ப் இதற்கென்றே கிடைக்கிறது. 10 ஆம்பியரில் 60 லிட்டர் தருவதானால் அதே பேட்டரி, அதே ஊற்றுக்கு 15 மணி நேரம் வரும். மழை நீடிக்கும் என்றால் இதையே பரிந்துரைக்கிறேன். முதன்மைப் பம்பின் ஆன் மட்டத்துக்கு 8 முதல் 10 செ.மீ. மேலே இதன் மிதவை, தனி என்.ஆர்.வி., முடிந்தால் தனி பைப். கரண்ட் இருந்தும் முதல் பம்ப் செத்தாலும் இது எழுந்துகொள்ளும். கார் ஸ்டார்ட் செய்யும் பேட்டரி வேண்டாம், ஆழமாகச் சார்ஜ் இறங்கி ஏறும் வேலைக்கு அது செய்யப்பட்டதல்ல. கூடவே உயர்மட்ட அலாரம் ஒன்று வையுங்கள், அது அடித்தால் முதல் பம்ப் நின்றுவிட்டது என்று தெரிந்துகொள்வீர்கள்.

மின் இணைப்பில் மூன்று: பம்புக்குத் தனி எம்.சி.பி. (பிரேக்கர்), எர்த்தோடு கூடிய கசிவு மின் பாதுகாப்பு, பிளக் பாயின்ட் இடுப்பு உயரத்துக்கு மேல். எக்ஸ்டென்ஷன் பெட்டி தரையில் கிடக்கவே கூடாது. பம்பை ஒயரைப் பிடித்துத் தூக்காதீர்கள், ஒயர் நுழையும் சீல் இளகி மோட்டாருக்குள் நீர் போகும். அடிக்கடி பிரேக்கர் டிரிப் ஆகும் பம்புகளில் பெரும்பாலும் அதுதான் கதை.

கேள்வி: ஆரஞ்சு நிறத்தில் கொழகொழவென்று படிகிறது. என்ன செய்வது?

நீரில் கரைந்த இரும்பைத் தின்று வளரும் பாக்டீரியா. வலையையும் இம்பெல்லரையும் மிதவையையும் அடைக்கும். பிளக்கைப் பிடுங்கி, பம்பைத் தூக்கி, பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். மாதம் ஒரு முறை தேவைப்படலாம். வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்தால் வினிகரும் நீரும் சரிபாதி கலந்து ஊறவையுங்கள். வினிகரோடு ப்ளீச் சேர்க்காதீர்கள், குளோரின் வாயு வரும், நிலவறையில் அது ஆபத்து. எந்தப் படிவும் இல்லாத வீட்டிலும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை வாளி வாளியாக நீரை ஊற்றி, மிதவை எழுந்து பம்ப் ஓடி நிற்கும் வரை நின்று பாருங்கள்.

கேள்வி: நிலவறைக் குளியலறைத் தண்ணீரையும் இதிலேயே விடலாமா?

கூடாது. கழிவுக்குத் தனி மூடிய தொட்டி, காற்றுக்குழாய், திடப்பொருளைக் கடத்தும் வேறு வகைப் பம்ப் வேண்டும்.

கேள்வி: ஐயா, ஏற்கனவே இடுப்பளவு தண்ணீர் நிற்கிறது. பெரிய பம்பை வாடகைக்கு எடுத்து ஒரே மூச்சில் இறைத்துவிடட்டுமா?

வேண்டாம். முதலில் நிலவறைக்கான கரண்ட்டைத் துண்டிக்க வேண்டும், அதுவரை தண்ணீருக்குள் கால் வைக்காதீர்கள். மெயின் போர்டே கீழே இருந்தால் மின்வாரியத்தைக் கூப்பிட்டு வெளியில் துண்டிக்கச் சொல்லுங்கள். ஜெனரேட்டரோ டீசல் பம்போ வைத்தால் வெட்டவெளியில், ஜன்னலைவிட்டுத் தள்ளி. அதன் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் ஆளைக் கொல்லும்.

வெளியே மண் நீரில் ஊறிச் சுவரை உள்நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கிறது. உள்ளே நிற்கும் நீர்தான் அதற்கு எதிராக முட்டுக்கொடுக்கிறது. அதை ஒரே மூச்சில் எடுத்தால் சுவர் உள்ளே சாயலாம், தரை மேலெழும்பி வெடிக்கலாம். வெளியில் நின்ற வெள்ளம் வடிந்த பிறகு 30 செ.மீ. மட்டும் இறைத்து, சுவரில் கோடு போட்டு, இரவு முழுக்க விடுங்கள். மறுநாள் நீர் கோட்டைத் தாண்டி ஏறியிருந்தால் மண் இன்னும் வடியவில்லை, ஒரு நாள் காத்திருந்து மறுபடி பாருங்கள். அதே இடத்தில் நின்றால் இன்னொரு 30 செ.மீ. இறக்குங்கள்.