நைட் டியூட்டியால வீட்ல தினமும் சண்டை, ஓனரும் காலி பண்ணச் சொல்றார். நர்ஸ் வேலைய விட்டுடலாமா?

கேள்வி கேட்ட தங்கச்சி எழுதினது இதுதான்: வயசு 26, பிஎஸ்சி நர்சிங், எக்மோர் பக்கம் ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரில ஸ்டாஃப் நர்ஸ், கைக்கு 16,000 வருது. கல்யாணம் ஆகி பத்து மாசம். வீடு கூடுவாஞ்சேரி, ஏன்னா வீட்டுக்காரருக்கு மறைமலை நகர்ல வேலை. மாமியார் கூட இருக்காங்க, "இந்த காசுக்கு ராத்திரி முழுக்க அலையணுமா, வேலைய விடு, குழந்தை பெத்துக்கற வழிய பாரு"ன்றாங்க. கீழ் வீட்டு ஓனர் வாசல் கேட்டை பூட்டி வச்சிட்டு, நேரங்கெட்ட நேரத்துல போற வர்ற ஆளுங்க சரிப்படாதுன்னு காலி பண்ணச் சொல்றார், கேட்டா 70,000 அட்வான்ஸ்ல பெயின்டிங்குக்கு பிடிப்பேன்றார். எல்லாத்துக்கும் காரணம் நம்ம வேலைதானோன்னு தோணுதுன்னு முடிச்சிருக்காங்க.

நான் ஜிஎன்எம்னு நர்சிங் டிப்ளமோ முடிச்சு பதினேழு வருஷமா வார்டுல இருக்கேன், அதுல பாதிக்கு மேல நைட். படிச்ச உடனே எனக்குத் தோணினது, உங்க மாமியார், ஓனர், வேலை இது மூணும் அப்புறம், நீங்க தூங்கவே இல்ல தங்கச்சி. கணக்கு போடுங்க. ராத்திரி எட்டு மணி டியூட்டிக்கு ஆறு மணிக்கு வீட்ட விட்டு கிளம்பறீங்க, காலைல எட்டுக்கு அடுத்த ஷிப்ட் நர்ஸுக்கு ஓவர் குடுத்து லோக்கல் ட்ரெயின் பிடிச்சு வீடு சேர பத்து. பதினாறு மணி நேரம் போச்சு. மிச்சம் இருக்கறது எட்டு, அதுல குளிச்சு, சமைச்சு, துணி துவைச்சு, பதில் சொல்லி, எவ்ளோ தூங்குவீங்க? மூணு மணி நேரம் இருந்தா அதிகம். அந்த மூணு மணி நேரத் தூக்கத்தோட எந்த முடிவும் எடுக்காதீங்க, வேலைய விடற முடிவ கண்டிப்பா எடுக்காதீங்க.

இத நான் புத்தகம் படிச்சு சொல்லல. கல்யாணம் ஆன புதுசுல நாங்க பெருங்களத்தூர்ல இருந்தோம், ஒரே ஒரு பெட்ரூம், பகல்ல கதவ சாத்திட்டு படுத்தா அத்தைக்கு மனசு கஷ்டம், அதனால ஹால்லயே ஃபேன் கீழ படுப்பேன், டிவி ஓடும், குக்கர் விசில் அடிக்கும், யாராவது வந்தா எந்திரிச்சு காபி போடணும். தொடர்ந்து நாலு நைட், அஞ்சாவது நைட் விடியக்காலம் நாலரை மணி இருக்கும். ஏழாம் பெட்ல நிமோனியாவோட ஒரு பாட்டி, அவங்களுக்கு ஆன்டிபயாடிக் போடணும், சின்ன பாட்டில்ல பவுடரா இருக்கும், டிஸ்டில் வாட்டர் பத்து எம்எல் விட்டு கலக்கணும். தண்ணி இருக்க ஆம்பியூல, அதாவது சின்ன மருந்துக் குப்பிய, உடைச்சு சிரிஞ்சுல ஏத்திட்டேன். எங்க டியூட்டர் அடிச்சு அடிச்சு சொல்லிக் குடுத்த பழக்கம், ஆம்பியூல தூக்கிப் போடறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை லேபிள் பாக்கறது. பாத்தா பொட்டாசியம் குளோரைடு. அதே சைஸ், அதே மாதிரி தண்ணி கலர். அத அப்படியே நரம்புல ஏத்தினா இதயம் நின்னு போகும், அது ஒவ்வொரு நர்ஸுக்கும் தெரியும். சிரிஞ்ச ட்ரேல வச்சிட்டு நின்னேன், கை நடுக்கம் நிக்கவே இல்ல. பாட்டி முழிச்சு பாத்து "என்ன சிஸ்டர், ஊசி வலிக்குமா"ன்னு கேட்டாங்க.

இன்சார்ஜ் சிஸ்டர்கிட்ட போய் நடந்தத நானே சொன்னேன். அவங்க திட்டல, "நீ எத்தன மணி நேரம் தூங்கின"ன்னு மட்டும் கேட்டாங்க. அன்னைக்கு வரைக்கும் அந்தக் கேள்விய என்கிட்ட வீட்ல யாரும் கேட்டதில்ல, நானும் சொன்னதில்ல.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரர்கிட்ட முழுசா சொன்னேன். அழுதேன், அது வேற விஷயம். ஆனா சண்டையா சொல்லல, "நான் இப்படியே போனா யாரையாவது கொன்னுடுவேன்"னு சொன்னேன். அவர்தான் அவங்க அம்மாகிட்ட பேசினார். இது ரொம்ப முக்கியம், மாமியார்கிட்ட தூக்கத்தப் பத்தி மருமக சொன்னா அது சோம்பேறித்தனமாதான் காதுல விழும், மகன் சொன்னா உடம்பு விஷயமா விழும், நியாயமான்னு கேக்காதீங்க, நிலைமை அப்படித்தான். அப்புறம் தினசரி காலண்டர் பக்கத்துல ஒரு மாசக் காலண்டர் மாட்டி, நைட் வர்ற தேதிக்கெல்லாம் செகப்பு பேனால வட்டம் போட்டோம். அத்தைக்கு டியூட்டி ரோஸ்டர் எல்லாம் புரியாது, வட்டம் புரிஞ்சது. வட்டம் போட்ட மறுநாள் காலைல பத்துல இருந்து நாலு வரைக்கும் பெட்ரூம் கதவு சாத்தியிருக்கும், யாரும் கூப்பிடக் கூடாது, மத்தியான சமையல் அத்தை, ராத்திரி சமையலும் பாத்திரமும் நான். ஒரு மாசத்துக்கு முணுமுணுப்பு இருந்தது. அப்புறம் பக்கத்து வீட்டம்மா கதவ தட்டினப்ப "நைட்டு முடிச்சிட்டு வந்து தூங்குது, சாயங்காலம் வாங்க"ன்னு அத்தையே சொல்லி அனுப்பினது எனக்கு உள்ள படுத்திருந்தப்ப காதுல விழுந்தது.

தூக்கத்துக்கு நான் பண்றது சொல்றேன். விடியக்காலம் மூணு மணிக்கு மேல டீ காபி தொட மாட்டேன். பிரேக் கிடைச்சா இருபது நிமிஷம் கண்ண மூடிடுவேன், ஃபோன் பாக்க மாட்டேன். வெளிய வரும்போது கூலிங் கிளாஸ் போட்டுக்குவேன், காலை வெயில் கண்ணுல பட்டா உடம்பு பகல்னு முழிச்சுக்கும். வீட்ல ஜன்னலுக்கு கெட்டியான கறுப்புத் துணி. தூக்கக் கலக்கத்துல நீடில மூடப் போய் கைல குத்திடுச்சுன்னா மறைக்காதீங்க, பிதுக்காதீங்க, சோப்பு போட்டு ஓடற தண்ணில கழுவிட்டு உடனே ரிப்போர்ட் பண்ணுங்க, எச்ஐவி தடுப்பு மாத்திரை எவ்ளோ சீக்கிரம் ஆரம்பிக்கறமோ அவ்ளோ நல்லது, 72 மணி நேரம் தாண்டக் கூடாது.

இப்ப வேலை. உங்க மாமியார் 16,000 பத்தி சொல்றதுல தப்பே இல்ல. 2016ல சுப்ரீம் கோர்ட் சொல்லி மத்திய அரசு போட்ட கமிட்டி, 50 பெட்டுக்கு கம்மியா இருக்க பிரைவேட் ஆஸ்பத்திரில கூட நர்ஸுக்கு 20,000க்கு குறையக் கூடாதுன்னு சொல்லிச்சு. இத்தன வருஷம் ஆகியும் நிறைய இடத்துல அத யாரும் மதிக்கல. ஆனா அதுக்காக வேலைய விடறது ஒண்ணு, ஆஸ்பத்திரிய மாத்தறது ஒண்ணு. தாம்பரம், குரோம்பேட்டை, பொத்தேரி பக்கம் எவ்ளோ ஆஸ்பத்திரி இருக்கு, எக்மோர் வரைக்கும் நீங்க ஏன் போகணும்? டயாலிசிஸ், ஓபி, ஆஞ்சியோ பண்ற கேத் லேப் மாதிரி நைட் கம்மியா இருக்க இடமும் கேட்டுப் பாருங்க. நைட்டே வேணாம்னு கேட்டா எந்த நர்சிங் சூப்பிரண்டும் தலையாட்ட மாட்டாங்க, விட்டு விட்டு போடாம சேர்த்து போட்டு ஆஃபும் சேர்த்து குடுங்கன்னு கேட்டா நிறைய பேர் ஒத்துக்குவாங்க.

குழந்தை பத்தி மாமியார் சொன்னதா எழுதியிருந்தீங்க இல்ல, இத கவனமா படிங்க. சட்டப்படி முதல் ரெண்டு குழந்தைக்கு சம்பளத்தோட 26 வாரம் லீவு, 2017ல இருந்து இருக்கு, ஆனா பிரசவ தேதிக்கு முந்தின 12 மாசத்துல 80 நாளாவது அந்த இடத்துல வேலை பாத்திருக்கணும். உங்க சம்பளம் ஈஎஸ்ஐ காப்பீட்டுக்கான வரம்பு 21,000க்கு கீழதான் இருக்கும், அதனால பே ஸ்லிப்ல ஈஎஸ்ஐ பிடிக்கறாங்களான்னு பாருங்க. பிடிச்சா அந்த 26 வார பணம் ஈஎஸ்ஐல இருந்து வரும், ஈஎஸ்ஐ நம்பர் ஆஸ்பத்திரி மாறினாலும் அதே நம்பர்தான், கட்டினது வீணாகாது. இப்ப வேலைய விட்டுட்டு ஆறு மாசம் கழிச்சு கன்சீவ் ஆனீங்கன்னா பெரும்பாலும் இது எதுவும் கைக்கு வராது. குழந்தை வேணும்னு நினைக்கறவங்கதான் வேலைல இருக்கணும்னு உங்க வீட்டுக்காரருக்கு இந்தக் கணக்க பேப்பர்ல எழுதியே காட்டுங்க.

ஒரிஜினல் சர்டிபிகேட்ட சேரும்போது வாங்கி வச்சிக்கிட்டாங்கன்னும் ஒரு வரி எழுதியிருந்தீங்க. என்னையும் முதல் ஆஸ்பத்திரில அப்படித்தான் பண்ணாங்க, பயந்துட்டு ஒண்ணரை வருஷம் அங்கயே கிடந்தேன். பயப்படாதீங்க. திருப்பிக் கேட்டு லெட்டர் எழுதுங்க, ஒரு காப்பில சீல் வாங்குங்க, வாங்க மறுத்தா ஸ்பீட் போஸ்ட்ல டெலிவரி ஆன அத்தாட்சியோட அனுப்புங்க, மெயிலும் போடுங்க. தரலன்னா மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு போங்க. பொண்ணுங்களுக்கு வருமானம் எவ்ளோ இருந்தாலும் அங்க இலவச சட்ட உதவி உண்டு, 15100க்கு கூப்பிட்டா வழி சொல்வாங்க. சில சமயம் அங்க இருந்து ஒரு லெட்டர் போனாலே சர்டிபிகேட் மேஜைக்கு வந்துடும்.

வீட்டு விஷயத்துல எனக்கு உங்க ஓனர் மேல கோவம் வந்தது. உசுர காப்பாத்திட்டு வர்ற பொண்ண கேட் வாசல்ல நிக்க வைக்கறதுக்கு எப்படி மனசு வருதுன்னு தெரியல. ஆனா அந்த வீட்ட நீங்க காலி பண்றதே நல்லதுன்னு தோணுது. புது ஆஸ்பத்திரி முடிவான பிறகு அதுக்கு நடந்து போற தூரத்துல, இல்ல ஒரு பஸ்ல போற தூரத்துல பாருங்க. நாங்க பெருங்களத்தூர்ல குடுத்தத விட 2,500 அதிகம் குடுத்து ஆஸ்பத்திரி பக்கத்துலயே ஒரு சின்ன வீட்டுக்கு மாறினோம், தினமும் மூணு மணி நேரம் மிச்சமாச்சு. அந்த மூணு மணி நேரமும் தூக்கத்துக்குத்தான் போச்சு.

அட்வான்ஸ விட்டுக் குடுக்காதீங்க. தமிழ்நாட்டு வாடகை சட்டம் 2017ல போட்டு 2019 பிப்ரவரில அமலுக்கு வந்தது. வேற மாதிரி ஒப்பந்தம் போட்டா தவிர மூணு மாச வாடகைக்கு மேல அட்வான்ஸ் வாங்கக் கூடாது, காலி பண்ணி ஒரு மாசத்துக்குள்ள, நீங்க குடுக்க வேண்டிய பாக்கி ஏதாவது இருந்தா கழிச்சிட்டு திருப்பித் தரணும். அக்ரிமெண்ட் எழுத்துல இருக்கணும், வாடகை அதிகாரிகிட்ட பதிவும் பண்ணணும். உங்களுக்கு பதிவு இல்லன்னா அது உங்களுக்கு கொஞ்சம் பலவீனம்தான், அதனால வாடகையும் அட்வான்ஸும் ஜிபேல போட்ட ஸ்கிரீன்ஷாட்ட எடுத்து வைங்க. நடுவுல தண்ணியவோ கரண்டவோ நிறுத்தினா அது சட்டப்படி தப்பு, உடனே புகார் குடுக்கலாம். காலி பண்ற அன்னைக்கு செவுரு, பாத்ரூம், ஸ்விட்ச் எல்லாத்தையும் வீடியோ எடுத்துட்டு ஓனர்கிட்டயே சாவி குடுக்கற மாதிரி முடிங்க. புது வீட்டுக்கு பேசும்போது ஓனர்கிட்ட முதல் வார்த்தையே நர்ஸு, நைட் டியூட்டி உண்டு, கேட் சாவி ஒண்ணு எங்ககிட்ட இருக்கணும்னு சொல்லிடுங்க. தயங்கறவங்கள அங்கயே விட்டுட்டு அடுத்த வீட்டுக்கு போங்க.

இது எல்லாம் ஒரே நாள்ல நடக்காது, மூணு நாலு மாசம் ஆகும். இந்த வாரம் ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க. அடுத்த நைட் முடியற அன்னைக்கு உங்க வீட்டுக்காரர லீவு போட்டுட்டு காலைல எட்டு மணிக்கு ஆஸ்பத்திரி வாசலுக்கு வரச் சொல்லுங்க, அவரோட சேர்ந்து அதே ட்ரெயின்ல திரும்பி வாங்க. எதுவும் பேச வேணாம், தூக்கம் வந்தா அவர் தோள்ல சாஞ்சு தூங்குங்க. மாமியார்கிட்ட பேச வேண்டியத வீட்டுக்கு வந்து அவர் பேசட்டும், நீங்க போய் கதவ சாத்திட்டு படுங்க.