பொலித்தீன் கழற்றாத செற்றி

கேள்வி: எனக்கு 38 வயது. அலுவலக வேலை, கணவர் ஆசிரியர். போன நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவிலிருந்து மச்சாள் குடும்பம் வந்து எங்களோடு நின்றது. அவர்கள் போனதிலிருந்து வீட்டில் எதைப் பார்த்தாலும் பழசாகத் தெரிகிறது. தவணைக்குச் செற்றி எடுத்தேன். கணவருக்குச் சொல்லாமல் காப்பை அடகு வைத்துப் பெரிய டிவி வாங்கினேன். வந்த கிழமை சந்தோஷம், பிறகு ஒன்றுமில்லை. திரும்பவும் வருகிறார்களாம், குசினிக்கு மாபிள் பதிக்க யோசிக்கிறேன். செற்றியின் பொலித்தீன்கூட இன்னும் கழற்றவில்லை, பிள்ளைகளை ஏற விடுவதில்லை. ஐயாவின் சாய்மனைக் கதிரை விறகுக் கொட்டிலில் கிடக்கிறது. நான் பேராசைக்காரியா?
– வாசகி, மானிப்பாய்

பதில்: இல்லை, தங்கச்சி. ஆனால் அந்தச் செற்றியில் யார் இருக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். மச்சாள் வந்தால் மூன்று கிழமை இருப்பார். மாதாமாதம் தவணை கட்டுகிற உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் அதில் இடமில்லை.

சந்தோஷம் ஒரு கிழமையில் வடிவது உங்கள் குறை அல்ல. எந்தப் புதுசும் மனதுக்குப் பழகிவிடும். அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் லொத்தரில் பெருந்தொகை வென்ற 22 பேரிடம் விசாரித்து 1978இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வெல்லாதவர்களைவிட அவர்கள் பெரிதாக மகிழ்ச்சியாக இருக்கவில்லை. அதைவிட, காலைச் சாப்பாடு, சிநேகிதரோடு கதைப்பது போன்ற சின்னச் சின்ன இன்பங்கள் அவர்களுக்குக் குறைந்தே போயிருந்தன. சிறிய ஆய்வுதான். ஆனாலும் உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. முன்பு பின்னேரத் தேத்தண்ணியை விறாந்தையில் எல்லாருமாகக் குடித்திருப்பீர்கள். இப்போது?

மற்றது, ஒப்பிடுவது. மனிதர் தங்களைத் தங்களைப் போன்றவர்களோடு வைத்துத்தான் அளக்கிறார்கள் என்று லியோன் பெஸ்டிங்கர் என்ற உளவியலாளர் 1954இலேயே எழுதினார். கொழும்பில் ஒரு பணக்காரரின் மாளிகை உங்களைச் சுடாது; கூட வளர்ந்த மச்சாளின் கைப்பை சுடும். நீங்கள் பார்த்ததோ அவரின் விடுமுறையை மட்டும். அங்கே அவருக்கு உள்ள கடனும் வேலைக் களைப்பும் விமானம் ஏறி வருவதில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நீங்கள் பிள்ளையாக இருந்தது, போரால் எங்கள் பக்கம் சாமான் வர விடாத பொருளாதாரத் தடைக் காலம். சவர்க்காரம் இல்லாமல் பனங்களியில் உடுப்புத் தோய்த்தோம், ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகள் படித்தார்கள். இன்றைக்கும் இரண்டு கட்டி சவர்க்காரம் கூடுதலாக அலுமாரிக்குள் இருந்தால்தான் எனக்கு மனம் ஆறும். அப்படி வளர்ந்தவர்களுக்குக் கடை நிறையச் சாமானைக் கண்டதும் கை நீளுவதை என்னால் குற்றமென்று சொல்ல முடியாது.

சரி, இனிச் செய்யவேண்டியது. அடகுத் துண்டை இன்றைக்கே கணவரிடம் காட்டுங்கள். சண்டை வரும், வரட்டும். கடனைவிட அதை ஒளித்து வைத்திருப்பதுதான் உங்களை அரிக்கிறது. வட்டி ஏறிக் காப்பு ஏலத்துக்குப் போகமுன் மீட்கிற வழியை இரண்டு பேருமாகப் பாருங்கள். அதுவரை மாபிள் வேண்டாம். மச்சாள் வந்தால் சோறு கட்டிக்கொண்டு எல்லாருமாகக் கீரிமலைக்குப் போய் வாருங்கள். பிள்ளைகள் அதை வளர்ந்த பிறகும் கதைப்பார்கள்.

பிறகு ஒரு கத்தரிக்கோல் எடுத்து அந்தப் பொலித்தீனை வெட்டி எறியுங்கள். ஐயாவின் கதிரையைத் துடைத்து விறாந்தையில் போடுங்கள். பிரம்பு அறுந்திருந்தால் பின்னிக் கொடுக்க ஊரில் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள்.