பழைய மரத்தை இழைக்க எந்த மின் இழைப்புளி வாங்கலாம்?

பழைய நிலைச்சட்டங்களும் உத்தரங்களும் சேர்த்து வைத்திருப்பதாகவும், எத்தனை வாட் இயந்திரம் வாங்குவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். வாட்டைக் கடைசியில் பாருங்கள். பழைய மரத்துக்கு முதலில் பார்க்க வேண்டியது பிளேடுதான்.

புது மரத்தில் பிளேடு மழுங்கும். பழைய மரத்தில் அதன் விளிம்பு உடைந்து பல் போகும். எவ்வளவு கவனமாக ஆணி பிடுங்கினாலும், தலை ஒடிந்து உள்ளேயே தங்கிவிட்ட ஒன்று என்றைக்காவது மாட்டத்தான் செய்யும். ஆகவே கடையில் நான் முதலில் விசாரிப்பது, மாற்று பிளேடு சுலபமாகக் கிடைக்குமா என்பதைத்தான். கையால் இயக்கும் மின் இழைப்புளிகளில் பெரும்பாலானவை 82 மி.மீ. அகலம் கொண்டவை. இரு விளிம்பிலும் கூருள்ள மெல்லிய கார்பைடு (எஃகைவிடக் கடினமான கூட்டுப்பொருள்) பிளேடு இந்த அளவில் தாராளமாகக் கிடைக்கிறது. ஒரு விளிம்பு போனால் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். உயரத்தை மறுபடி சரிசெய்யும் வேலை பெரும்பாலும் இருக்காது. தீட்டிப் பயன்படுத்தும் எஃகு பிளேடு ஆணி பட்டாலும் அவ்வளவாகச் சில்லு தெறிக்காது. ஆனால் பழைய மரத்தில் ஒட்டியிருக்கும் மணலும் சிமென்ட்டும் அதைச் சீக்கிரம் மழுங்கடித்துவிடும். கார்பைடு மணலைத் தாங்கும், ஆணியைத் தாங்காது. ஆணிகளில் பெரும்பாலானவற்றைத் தேடி எடுத்துவிட முடியும், மரத்துக்குள் புகுந்த மணலை முழுவதும் எடுக்க முடியாது என்பதால் என் வாக்கு கார்பைடுக்கே.

பிளேடில் ஆணி பட்டுவிட்டால் பலகையின் நீளத்துக்கும் மெல்லிய கோடு ஒன்று மேடாக எழும்பி நிற்கும். பிளேடைச் சுழற்றும் உருளையில் இரண்டு பிளேடு இருந்து, இரண்டிலும் ஒரே இடத்தில் பல் போயிருந்தால், ஒன்றைச் சற்றே பக்கவாட்டில் நகர்த்த இடமிருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று விட்ட மேட்டை மற்றது சீவிவிடும்.

அடுத்தது ஆழம் வைக்கும் குமிழ். 3 மி.மீ., 4 மி.மீ. வரை சீவும் என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பார்கள். வைரம் பாய்ந்து உலர்ந்த மரத்தில் அது உதவாது. அரை மில்லிமீட்டருக்கு மேல் வைத்தால் கணு இருக்கும் இடமெல்லாம் பிய்ந்துவரும். குமிழ் சின்னச் சின்னப் படிகளாகத் திரும்புகிறதா, வைத்த இடத்தில் அசையாமல் நிற்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். அடித்தட்டின் மேல் இரும்பு ஸ்கேலை வைத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் அது மட்டமாக இருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். மெல்லிய சீவலுக்கு 700 வாட் சுற்றுவட்டாரமே தாராளம். சுவிட்சை விட்ட பிறகும் உருளை சில விநாடி சுற்றும். அதனால் கீழே வைக்கும்போது பிளேடு தரையில் படாதபடி தாங்கும் கால் பின்புறம் இருப்பதையே வாங்குங்கள்.

இழைக்கும் முன் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, காந்தத்தை மெல்ல நகர்த்திப் பாருங்கள். காந்தம் பித்தளைத் திருகாணியைக் காட்டாது. உலோகங்காட்டும் கருவி காட்டும். துளையைச் சுற்றிக் கருநீலக் கறை இருந்தால், அங்கே இரும்பு இருந்தது அல்லது இன்னும் இருக்கிறது என்று பொருள். மெல்லிய உளியால் குடைந்து பார்த்துவிட்டே இயந்திரத்தை ஓட்டுங்கள்.

பெயின்ட் அடித்த மரத்தை நேரடியாக இழைக்கவே கூடாது. பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும்; இயந்திரம் அதைத் தூளாக்கி உங்கள் மூச்சில் கலந்துவிடும். நனைத்துச் சுரண்டியோ பெயின்ட் நீக்கி தடவியோ முதலில் எடுத்துவிடுங்கள். தூசிக் குழாய் பொருத்தும் வசதியுள்ள இயந்திரமாக இருந்தாலும் முகமூடி கட்டாயம்.

முறுக்கேறிய நீளப் பலகையை இந்த இயந்திரம் தானாக நேராக்கிவிடாது. அடித்தட்டு குட்டையானது, வளைவோடு சேர்ந்தே வளைந்து போகும். செய்யப்போகும் பொருளின் அளவுக்கு முதலில் துண்டாக அறுத்துவிட்டுப் பிறகு இழையுங்கள். துண்டு குட்டையானால் சீவித் தள்ள வேண்டிய மரமும் குறையும்.