ஊற்று ஏன் கொதிக்கிறது? பர்மா வாசகர்களின் நிலவியல் கேள்விகள்

2025 மார்ச் 28 நிலநடுக்கத்துக்குப் பிறகு வரும் கடிதங்களில் பாதி வெந்நீர் ஊற்றைப் பற்றித்தான். பயம் புரிகிறது. சிலவற்றுக்கு இங்கே பதில்.

ஐயா, எங்கள் மோல்மேன் பக்கம் வெந்நீர் ஊற்றுகள் உண்டு. அடியில் எரிமலை இருக்கிறதா?

இல்லை. மலையில் பெய்யும் மழைதான் அது. பாறை இடுக்குகள் வழியே மெல்ல ஆழத்துக்கு இறங்குகிறது. ஒரு கிலோமீட்டர் இறங்கினால் பொதுவாக 25 முதல் 30 டிகிரி சூடு கூடும். இரண்டு, மூன்று கிலோமீட்டர் போன நீருக்கு எரிமலை எதற்கு? ஆனால் அதே மெதுவில் மேலே வந்தால் வழியிலேயே ஆறிவிடும். நொறுங்கிய பாறையுள்ள பிளவு (இரு பக்க நிலமும் உரசி நகரும் முறிவுக் கோடு) ஒன்று குழாய் மாதிரி கிடைத்தால்தான் சூடு குறையாமல் வெளியே வரும். ஆகவே ஊற்று காட்டிக்கொடுப்பது நெருப்பை அல்ல, பிளவை.

இன்லே ஏரி பிளவினால் உண்டானது என்கிறார்களே, உண்மையா? (டவுன்ஜி வாசகி)

பெரும்பங்கு உண்மை. முதலில் பெரிய பிளவைப் பார்ப்போம். பர்மாவின் நடுவே போகும் சாகைன் பிளவு வடக்கு தெற்காக 1,200 கிலோமீட்டருக்கும் மேல் நீளம். அதன் மேற்குப் பக்க நிலம் ஆண்டுக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் வடக்கே போகப் பார்க்கிறது. பிளவின் ஓரம் பூட்டிக்கொண்டு கிடப்பதால் அந்த நகர்வு சேர்ந்துகொண்டே வரும், ஒருநாள் மொத்தமாக அவிழும். 2025 நிலநடுக்கத்தின்போது தாசி அருகே ஒரு சூரிய மின்பண்ணையின் கண்காணிப்புக் கேமராவில் அது பதிவானது: ஒன்றரை நொடிக்குள் நிலம் இரண்டரை மீட்டர் அளவுக்குப் பக்கவாட்டில் ஓடியது. வகுப்பில் கரும்பலகையில் அம்புக்குறி போட்டே காலம் தள்ளிய எனக்கு அதைப் பார்த்து உடம்பு சிலிர்த்துவிட்டது.

இப்படிப்பட்ட பிளவு நூல் பிடித்தாற்போல் நேராக ஓடாது. ஓரிடத்தில் விலகி, பக்கத்தில் இன்னொரு கோடாகத் தொடரும். விலகிய இடத்தில் நிலம் இருபுறமும் இழுபட்டால் நடுப்பகுதி அமிழ்ந்து பள்ளமாகும். மாறாக நெருக்குண்டால் மேடாக எழும்பும். இன்லே இருக்கும் ஷான் மேட்டுநிலத்துக்கும் சொந்தப் பிளவுகள் உண்டு. இன்லே பள்ளத்தாக்கு அவற்றை ஒட்டி வடக்கு தெற்காக நீண்டு கிடப்பதை வரைபடத்திலேயே பார்க்கலாம். சுண்ணாம்புக்கல் கரைந்ததும் இதில் சேர்ந்துகொண்டது. ஓடைகள் வண்டலைக் கொட்டிக்கொண்டே இருப்பதால் ஏரிக்கு ஆழம் குறைவு. மேற்குக் கரையில் கௌங்டைங் வெந்நீர் ஊற்றுக்குப் போயிருப்பீர்களே, பள்ளத்தின் ஓரத்தில் நீருக்கு வழி கிடைத்த இடம் அது.

மின்பூவில் குமிழி விடும் சேறு கொதிக்கிறதா?

தொட்டுப் பாருங்கள், சூடே இருக்காது. அங்கே சேற்றைத் தள்ளுவது எரிவாயு. மேற்கே அரக்கான் யோமா மலைத்தொடருக்கும் ஷான் மேட்டுநிலத்துக்கும் நடுவில் உள்ள பெரும்படுகையில் பல கிலோமீட்டர் கனத்துக்குப் படிவுகள் உண்டு. அவை மடிந்த இடங்களில்தான் ஏனாஞ்சாங் எண்ணெய் தேங்கியது. அதே சரக்கின் வாயுதான் மின்பூவில் கசிகிறது. நாகம் மூச்சுவிடுகிறது என்ற கதையும் எனக்குப் பிடிக்கும்.

ஊற்று கலங்கினால் நிலநடுக்கம் வரப்போகிறது என்று அர்த்தமா? நாங்கள் பெகுவில் இருக்கிறோம்.

நிலம் குலுங்கிய பிறகு ஊற்று கலங்குவதும், சூடு மாறுவதும், சில நாள் வற்றுவதும் உண்டு. பாறை இடுக்குகள் அடைபடும் அல்லது திறக்கும். பெருமழைக்கும் கலங்கும். அதை வைத்து நாள் குறிக்க முடியாது.

பெகுவுக்கு ஊற்றைவிட முக்கியமான விஷயம் வேறு. சாகைன் பிளவு உங்கள் ஊரை ஒட்டியே போகிறது. 1930 மே 5 நிலநடுக்கத்தில் சுமார் 500 பேர் இறந்தார்கள், ஷ்வேமோடோ பகோடா சரிந்தது. தாத்தா பாட்டி சொல்லிக் கேட்டிருப்பீர்கள். ஊர் நிற்பதும் ஆற்று வண்டலில். நீர் ஊறிய மணல் குலுங்கும்போது கஞ்சி போலக் குழைந்து பாரத்தைத் தாங்காமல் விட்டுவிடும். அதனால் மேல் மாடி எடுக்கும் முன் மேஸ்திரியிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: அஸ்திவாரம் எந்த மண்ணில் நிற்கிறது? தூணும் உத்திரமும் சேரும் இடத்தில் கம்பி வளையம் எவ்வளவு நெருக்கமாகக் கட்டியிருக்கிறது? பதில் மழுப்பலாக வந்தால் மாடியைத் தள்ளிப்போடுங்கள்.